கடைசி பாஸ் யாரு?



கந்த சஷ்டி நேரத்துல ஒரு கட்டுரை எழுதித் தா என்று நம்ம இயக்கத்து அண்ணன் கேட்டப்போ, "சரிண்ணே" என்று சொல்லிட்டு ஹாஸ்டல் அறைக்குப் போய் நான் செய்த முதல் வேலை, கேம் விளையாடினதுதான். உண்மையைச் சொல்வதில் வெட்கம் என்ன? ஆனால் அன்றைக்கு விளையாடிய அந்த கேம்தான் இந்தக் கட்டுரைக்குப் பொருளாகிவிட்டது. முருகன் எந்த வழியாகப் பாடம் நடத்துவான் என்று நமக்குத் தெரியாது இல்லையா?

அந்த கேமின் பெயர் மெகா மேன். ஜப்பானில் அதை ராக் மேன் என்பார்கள். கேப்காம் நிறுவனம் 1987 டிசம்பரில் முதல் பாகத்தை வெளியிட்டது. அப்போது நான் பிறக்கவே இல்லை. 2018-இல் 11-ஆம் பாகம் வந்தது. ஓடணும், குதிக்கணும், சுடணும், அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் கஷ்டம் என்றால் அப்படி ஒரு கஷ்டம். முள்ளில் கால் பட்டால் அந்த இடத்திலேயே உயிர் போயிடும்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டாக்டர் லைட், டாக்டர் வைலி என்று இரண்டு விஞ்ஞானிகள். லைட் மனிதர்களுக்கு உதவ ரோபோக்களைச் செய்கிறார். வைலி அவற்றைத் திருடி, மனதை மாற்றி, உலகத்தைப் பிடிக்கப் பார்க்கிறார். லைட் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு சின்ன ரோபோ, "நான் போய்த் தடுக்கிறேன்" என்று தானே கேட்டுப் போர் வீரனாக மாறுகிறான். அவன்தான் மெகா மேன்.

முதல் பாகத்தில் ஆறு ரோபோத் தலைவர்கள். இரண்டாம் பாகத்திலிருந்து எட்டு. யாரை முதலில் எதிர்ப்பது என்று நாமே முடிவு செய்யலாம். ஒருவனை ஜெயித்தால் அவனுடைய ஆயுதம் நமக்குக் கிடைக்கும். அந்த ஆயுதம் இன்னொருவனுக்கு எமன். எட்டுப் பேரையும் முடித்த பிறகுதான் வைலியின் கோட்டை திறக்கும். அந்தக் கோட்டையின் கடைசியில் உட்கார்ந்திருப்பவன்தான் கடைசி பாஸ்.

எண் போட்டு வந்த 11 பாகங்களையும் எடுத்துப் பாருங்கள். கடைசியில் இருப்பது வைலிதான். 31 வருஷமாக அதே ஆள்! இதில் என்ன ஆன்மீகம் என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ஒளிந்திருப்பான்

மூன்றாம் பாகத்தில் வைலி திருந்திவிட்டதாகச் சொல்கிறான். லைட்டோடு சேர்ந்து, உலக அமைதிக்காக என்று காமா என்ற பெரிய ரோபோவைச் செய்கிறான். கடைசியில் அந்த காமாவுக்குள்ளேயே உட்கார்ந்து சண்டை போடுகிறான். நான்காம் பாகத்தில் டாக்டர் காஸ்ஸாக் என்ற வேறொரு விஞ்ஞானிதான் வில்லன் என்று நாம் நம்புகிறோம். பார்த்தால், அவருடைய மகளை வைலி கடத்தி வைத்துக்கொண்டு அவரை ஆட்டிவைத்திருக்கிறான். ஐந்தாம் பாகத்தில் பழி மெகா மேனின் அண்ணன் மேல் விழுகிறது. ஆறாம் பாகத்தில் மிஸ்டர் எக்ஸ் என்ற பெயரில் தாடி வைத்துக்கொண்டு வருகிறான். ஒன்பதாம் பாகத்தில் பழி லைட் மேலேயே விழுந்து, அவரைக் காவல் துறை பிடித்துக்கொண்டு போகிறது.

ஒவ்வொரு முறையும் "இந்தத் தடவை வேற ஆளு போல" என்று நாம் நினைப்போம். கோட்டைக் கதவைத் திறந்தால் அதே வெள்ளைத் தலைமுடி, அதே மீசை.

நம்ம சமய வகுப்பில் ஆணவம், கன்மம், மாயை என்று மூன்று மலங்களைப் படித்தோம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். ஆனால் ஆணவம் நமக்குள் எப்படி வேலை செய்கிறது என்று நான் புரிந்துகொண்டது இந்த வைலியைப் பார்த்துத்தான். ஆணவம் "நான்தான் ஆணவம்" என்று சட்டையில் பெயர் எழுதி மாட்டிக்கொண்டு வராது. நியாயம் கேட்கிற மாதிரி வரும். "எனக்காகவா கேட்கிறேன், எல்லாருக்கும்தானே" என்று வரும். சில நேரம் "நான் ரொம்ப சாதாரண ஆளு" என்று பணிவு வேஷம் போட்டுக்கொண்டும் வரும். பழியை எப்போதும் அடுத்தவன் மேல் போடும். "அவன் மட்டும் அப்படிப் பேசலைன்னா நான் ஏன் கோபப்படப் போறேன்?" இந்த வசனத்தை வீட்டில் அம்மாவிடம் சொல்லாதவர் யாராவது உண்டா?

சூரனுக்கும் பல முகம்

இப்போது கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணத்துக்கு வருவோம். சூரபன்மன் சாதாரண அசுரன் இல்லை. கடுந்தவம் செய்து, சிவபெருமானிடம் வரம் வாங்கி, 1008 அண்டங்களை 108 யுகம் ஆள உரிமை பெற்றவன். வைலியும் அப்படித்தான். மேதை. முட்டாளுக்குக் கோட்டை கட்டத் தெரியாது. ஆகவே ஒன்றைக் கவனியுங்கள்: திறமை இல்லாததால் யாரும் அசுரன் ஆவதில்லை. திறமையை "எனக்கு" என்று பிடித்துக்கொள்ளும்போதுதான் ஆகிறான்.

சூரனுக்கு முன்னால் இரண்டு தம்பிகள். யானைமுகம் கொண்ட தாரகன், சிங்கமுகன். தாரகனோடு சேர்ந்து நின்ற கிரௌஞ்ச மலை, வீரவாகுவையும் படையையும் உள்ளே இழுத்து மயக்கியது. அதனால் தாரகன் மாயை. சிங்கமுகனுக்கு வெட்ட வெட்டத் தலை முளைக்கும். அவன் கன்மம். அவர்களுக்குப் பின்னால் கடைசியாக வருபவன் சூரன். அவன்தான் ஆணவம். நம்ம பெரியவர்கள் இப்படித்தான் விளக்கம் சொல்வார்கள்.

கேமிலும் இதே வரிசையைப் பார்த்து நான் ஆச்சரியப்பட்டேன். கோட்டைக்குள்ளே கடைசி பாஸுக்கு முன்னால், நாம் ஏற்கெனவே ஜெயித்த தலைவர்கள் அத்தனை பேரும் மறுபடி ஒவ்வொருவராக வருவார்கள். "டேய், உன்னைத்தான் முடிச்சிட்டேனே!" என்று கத்தத் தோன்றும். வினையும் அப்படித்தான். முடிந்தது என்று நினைத்த பழைய கோபம், பழைய சோம்பல், பழைய பொய், முக்கியமான நேரம் பார்த்து வாசலில் வந்து நிற்கும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. முதல் தடவை வெறுங்கையோடு நின்றோம். இரண்டாம் தடவை கையில் எட்டு ஆயுதம் இருக்கிறது. பட்ட அனுபவம் வீண் போகாது.

நீர்க்குமிழி

1988-இல் வந்த இரண்டாம் பாகத்தின் கடைசிச் சண்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வைலியின் இயந்திரத்தை உடைத்துவிடுகிறோம். முடிந்தது என்று பார்த்தால், வழி கீழே ஓர் இருட்டுக் குகைக்குள் போகிறது. இசை நின்றுவிடும். மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் துளி விழுகிற சத்தம் மட்டும்தான். நடந்து போனால் அங்கே வைலி. நம் கண் முன்னாலேயே அவன் ஒரு வேற்றுக்கிரகப் பிறவியாக மாறி, காற்றில் வளைந்து வளைந்து பறக்கிறான்.

நெருப்பு எடுத்தேன். எடுபடவில்லை. வட்ட வட்டமாகச் சுற்றும் இரும்புக் கத்தி எடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. இருப்பதிலேயே பலமான ஆயுதங்கள் எல்லாம் வீண். அந்த உருவத்தைத் தொடக்கூடிய ஆயுதம் ஒன்றே ஒன்றுதான்: பபிள் மேன் என்ற ரோபோவிடமிருந்து கிடைத்த நீர்க்குமிழி. அது நேராகக்கூடப் பறக்காது. பொத்தென்று விழுந்து தரையோடு தரையாக உருளும். "இதை வச்சு என்ன பண்றது" என்று நான் தொடாமலே வைத்திருந்த ஆயுதம்.

அதனால் அடித்து ஜெயித்தபோது இன்னொரு வேடிக்கை. அந்தப் பயங்கரமான உருவம் உண்மையே இல்லை! படம் காட்டும் கருவி ஒன்று விட்ட வெளிச்சம். மறைவில் உட்கார்ந்து வைலி அதை இயக்கிக்கொண்டிருந்தான்.

இந்தக் கேமைச் செய்த ஜப்பானியர்கள் சைவ சித்தாந்தத்தை நினைத்துச் செய்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நானே இழுத்து வைத்துப் பொருள் சொல்கிறேன், அவ்வளவுதான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். நம்ம தாத்தா பாட்டி, வாழ்க்கையை நீர்க்குமிழி என்பார்கள். "இது நிலைக்காது, இதற்கா இவ்வளவு சண்டை?" என்ற அந்த ஒரு நினைப்பு வந்துவிட்டால், பெரிதாகத் தெரிந்த உருவம் வெறும் வெளிச்சம் என்று தெரிந்துவிடும். கோபத்தால் ஆணவத்தை அடிக்க முடியாது. அறிவைக் காட்டியும் அடிக்க முடியாது. சின்னதாக, தரையோடு தரையாகப் போகிற ஒன்றால்தான் முடியும். அதற்குப் பெயர் பணிவு.

மன்னிப்புக் கேட்பதும் மாறுவதும்

தோற்றவுடன் வைலி என்ன செய்வான் தெரியுமா? மண்டியிட்டு, நெற்றி தரையில் பட விழுந்து மன்னிப்புக் கேட்பான். அடுத்த பாகத்தில் மறுபடி வருவான். ஏழாம் பாகத்தில் மெகா மேனுக்கே பொறுமை போய், துப்பாக்கிக் கையை வைலியின் முன் நீட்டிவிடுகிறான். "ரோபோ மனிதனுக்குத் தீங்கு செய்யக்கூடாதே" என்கிறான் வைலி. ஜப்பானிய மூலத்தில் மெகா மேன் பதில் பேசாமல் நிற்கிறான். ஒன்பதாம் பாகத்தில் இன்னும் நல்ல காட்சி. வைலி வழக்கம்போல விழுந்து கும்பிட, முன்பெல்லாம் அவன் விழுந்து கும்பிட்ட காட்சிகளை மெகா மேன் ஒவ்வொன்றாகக் காட்டுகிறான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பத்தாம் பாகத்தில் வைலி காய்ச்சலில் விழுகிறான். மெகா மேன் அவனை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகிறான். குணமானதும் வைலி ஓடிவிடுகிறான். ஆனால் நோய் வந்த ரோபோக்கள் அனைவருக்கும் போதுமான மருந்தை வைத்துவிட்டு ஓடுகிறான். துப்பாக்கியால் கிடைக்காத ஒரு சின்ன மாற்றம், தூக்கிக்கொண்டு போனதால் கிடைத்தது.

சிரித்தேன் என்று சொன்னேன் அல்லவா? அந்தச் சிரிப்பு நின்ற கதையைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

எனக்கு ஒரு நண்பன். ஒரே தாமான், ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே சமய வகுப்பு. பிறகு ஒரே பல்கலைக்கழகம், ஒரே பொறியியல் துறை. போன வருஷம் ஒரு ரோபோ போட்டிக்கு ஆளுக்கு ஒரு திட்டம் கொடுத்தோம். அவனுடையதைத் தேர்ந்தெடுத்தார்கள். என்னுடையதில் மோட்டாருக்கு அளவுக்கு மீறிய சுமை, சூடாகிவிடும் என்று சொன்னார்கள். சொன்னது சரிதான். இன்றைக்குக் கணக்குப் போட்டாலும் சூடாகத்தான் செய்யும்.

அவனிடம் "வாழ்த்துகள்டா" என்று கை கொடுத்தேன். அன்று இரவே மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே நாலு பேரிடம், "அவன் ஐடியா பாதி என்னோடதுதான். லெக்சரருக்கு வேண்டியவன், அதான் அவனுக்குக் கொடுத்துட்டாங்க" என்று சொன்னேன். பச்சைப் பொய். நாலு பேர் ஏழு பேர் ஆனார்கள். ஒரு வாரத்தில் அவன் காதுக்குப் போய்விட்டது. அவன் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டான். நானும், "எனக்கென்ன" என்று நான்கு மாதம் ஓட்டினேன். அந்த நான்கு மாதமும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். திருநீறு பூசினேன். மனதுக்குள் நான் நல்லவன்.

பிறகு ஓர் இரவு 11-ஆம் பாகத்தைத் தொடங்கினேன். ஆரம்பக் காட்சியில் லைட்டும் வைலியும் இளைஞர்கள், ஒரே கல்வி நிலையத்தில். ரோபோவின் வேகத்தையும் பலத்தையும் பல மடங்கு கூட்டும் இரட்டைப் பற்சக்கரத்தை வைலி கண்டுபிடித்திருக்கிறான். அது ரோபோவுக்கு ஆபத்து, ரோபோ தானாகச் சிந்திப்பதுதான் முக்கியம் என்று லைட் வாதாடுகிறார். குழு லைட்டின் பக்கம் நிற்கிறது. வைலியின் ஆராய்ச்சி நிறுத்தப்படுகிறது. நண்பன் மேல் வந்த அந்த ஒரு நாள் ஆத்திரத்திலிருந்துதான் 31 வருஷக் கோட்டைகள் எல்லாம் எழுந்தன.

கையிலிருந்த கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். சின்ன வயதிலிருந்து எத்தனை பாகம் விளையாடியிருப்பேன்! எப்போதும் நான் மெகா மேன் என்றே நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, இந்தக் கதையில் நான் வைலி.

மறுநாள் அவன் அறைக் கதவைத் தட்டினேன். "நான் சொன்னதெல்லாம் பொய்டா. மன்னிச்சிரு" என்றேன். அழுகையும் வந்தது. கட்டிப்பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"என்கிட்ட சொல்றது ஈசிடா. எனக்குத்தான் அது பொய்னு தெரியுமே. யார்கிட்ட சொன்னியோ அவங்ககிட்ட போய்ச் சொல்லு."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

வைலி கும்பிட்டதெல்லாம் ஏன் செல்லவில்லை என்று அந்தக் கதவின் முன்னால்தான் எனக்குப் புரிந்தது. துப்பாக்கி வைத்திருப்பவன் முன்னால் மட்டும் அவன் விழுந்தான். உடைத்த ஊரைக் கட்டிக் கொடுக்கவில்லை. தன்னால் பழி சுமந்தவர்களிடம் போகவில்லை.

ஏழு பேரிடமும் போனேன். நான்கு நாள் ஆனது. ஒருவன் சிரித்தான். ஒரு தங்கச்சி, "அப்போ நான் அவரைப் பத்தித் தப்பா நெனச்சிட்டேனே" என்று வருத்தப்பட்டாள். அதுதான் அதிகம் சுட்டது. ஏழாவது ஆளிடம் சொல்லி முடித்தபோது பெருமை ஒன்றும் வரவில்லை. ஆனால் அன்று மாலை கோயிலில் நின்றபோது முருகன் முகத்தை நேராகப் பார்க்க முடிந்தது.

மயிலும் சேவலும்

சூரபன்மனிடம் போருக்கு முன்பே முருகன் வீரவாகுவைத் தூது அனுப்பினான். சூரன் கேட்கவில்லை. போரின் நடுவில் தன் பெருவடிவத்தையும் காட்டினான். அதைப் பார்த்துச் சூரனே ஒரு கணம் மனம் உருகிப் போற்றினான். அந்தக் காட்சி மறைந்ததும் பழைய கோபம் திரும்பிவிட்டது! தைப்பூசத்தன்று பத்துமலையில் நாம் உருகுவதும், மறுநாள் காலை நெரிசலில் ஹாரன் அடித்துத் திட்டுவதும் இதேதான். ஒரு கணம் உருகினால் போதாது.

கடைசியில் சூரன் கடல் நடுவே மாமரமாக நின்றான். வேல் அதை இரண்டாகப் பிளந்தது. பிளந்த பகுதிகள் சேவலாகவும் மயிலாகவும் வந்தன. முருகன் அவற்றை அழிக்கவில்லை. அருட்பார்வையால் ஆட்கொண்டு, ஒன்றைக் கொடியாகவும் ஒன்றை வாகனமாகவும் வைத்துக்கொண்டான். உலகத்து கேம்களில் எல்லாம் கடைசி பாஸைத் தோற்கடித்தால் அவன் வெடித்துப் போவான், இல்லையென்றால் தப்பி ஓடுவான். நம்ம கந்தபுராணத்தில் மட்டும் கடைசி பாஸ் சாமிக்குப் பக்கத்தில் நிற்கிறான். நாம் முருகனைக் கும்பிடும்போது அவனையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறோம்.

சித்தாந்தமும் இதைத்தான் சொல்கிறது. ஆணவம் அடியோடு இல்லாமல் போவதில்லை. திருவருள் முன்னால் அதன் வலிமைதான் அடங்கிவிடுகிறது. 11-ஆம் பாகத்திலும் இந்த வாடை கொஞ்சம் உண்டு. வைலியின் அந்த இரட்டைப் பற்சக்கரத்தைத் தடுத்த லைட்டே, அதை எடுத்து மெகா மேனுக்குப் பொருத்துகிறார். அதைக் கொண்டுதான் மெகா மேன் ஜெயிக்கிறான். கெட்டவன் கையில் ஆபத்தாக இருந்த அதே பொருள், நல்ல மனதுக்குள் போனபோது உதவியாகிறது.

தம்பி தங்கைகளே, இந்தச் சஷ்டி ஆறு நாளும் விரதம் இருக்கப் போகிறீர்கள். இறைச்சியை விடுவீர்கள், நல்லது. கூடவே ஒன்று செய்து பாருங்கள். நீங்கள் யாரைப் பற்றி இல்லாததைச் சொன்னீர்களோ, அதைக் கேட்டவர்களில் ஒருவரிடமாவது போய், "நான் சொன்னது தப்பு" என்று சொல்லுங்கள். ஆறு நாளில் ஒருவர் போதும். பட்டினியைவிட இது கஷ்டம். நான் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

என் நண்பனும் நானும் இன்னும் பழைய மாதிரி ஆகவில்லை. மாமாக் கடைக்குச் சேர்ந்து போவதில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்னால் அவனிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் வந்தது. வணக்கம்கூட இல்லை. "மோட்டார் சூடாகுது. உன் பழைய கணக்கு இருக்கா?"

இருந்தது. அனுப்பிவைத்தேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!